மார்ச் மாதக் கதவு

ஜூலை 9, புதன்

திருப்பூர் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து புகார். எங்கள் கம்பெனி லிஃப்ட். இரண்டாவது மாடியில் ஒரு பெண் வெளியே இறங்கியிருக்கிறார். முந்தானை உள்ளே தங்கிவிட்டது. கதவு மூடியது. லிஃப்ட் மேலே கிளம்பியது. தோளில் குத்தியிருந்த ஊக்கு பிய்ந்து சேலை கிழிந்ததால் தப்பித்தார். தோளில் காயம். ஊக்கு கெட்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மீட்டிங்கில் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"அது இப்ப எதுக்குங்க சேந்தன்?" என்றார் தாமோதரன் சார், எங்கள் சாஃப்ட்வேர் மேனேஜர். "ஆடி பொறக்குது. தள்ளுபடிக் கூட்டம் வர்றதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

கதவு மூடுவதற்கான புரோகிராம் கோட் என் பொறுப்பு. வாசலில் கை, கால், பை இருந்தால் சென்சார் பார்த்துவிடும். மெல்லிய துணி அதற்குத் தெரியாது. துணிக்கு வேறு வழி: கதவு மூடும் கடைசி விரற்கடையில் மோட்டார் கொஞ்சம் முக்கினாலும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், உடனே திறக்க வேண்டும். எவ்வளவு முக்கினால் என்பதை மார்ச்சில் யாரோ ரொம்பத் தாராளமாக ஏற்றிவைத்திருந்தார்கள். குறைத்தேன். மூன்று வரி வேலை. என் மேஜையில் உள்ள சின்ன மோட்டாரில் கைக்குட்டையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திறந்தது.

சாயங்காலமே அனுப்பிவிட்டேன். முடிந்தது.

ஜூலை 10, வியாழன்

முடியவில்லையாம்.

கம்பெனி வளாகத்தின் பின்பக்கம் டெஸ்ட் டவர் இருக்கிறது. நாலு மாடி உயரம், கட்டடம் இல்லாத வெறும் லிஃப்ட். அங்கே சோதனை செய்பவர் கோகிலவாணி மேடம். மரக்கட்டை வைத்துத்தான் சோதிப்பது வழக்கம். இந்தத் தடவை அவரே தன் வீட்டிலிருந்து பழைய சேலைகள் கொண்டுவந்திருக்கிறார். ரிப்போர்ட்: துணி மாட்டியது, கதவு திறக்கவில்லை, லிஃப்ட் கிளம்பியது.

போய்க் கேட்டேன். "மேடம், நீங்க துணியை லூஸா விட்டிருப்பீங்க. இழுத்துப் பிடிச்சாத்தான் மோட்டாருக்குத் தெரியும்."

"சேலை எப்படித் தொங்கும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியாப்பா?"

"டெஸ்ட் தப்புங்கிறேன்."

"என்ற டெஸ்ட் தப்பில்லை கண்ணு. உன்ற கதவுதான் தப்பு."

நான் யாருக்கும் கண்ணு இல்லை. அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்னும் குறைத்தேன். ஃபெயில். இன்னும் குறைத்தேன், காற்றடித்தால்கூடக் கதவு திறக்க வேண்டும் என்கிற அளவுக்கு. ஃபெயில். அந்த அளவு வைத்தால் கதவு மூடவே கூடாது. ஒழுங்காக, சாந்தமாக மூடுகிறது. இது எப்படி?

தாமோதரன் சார் எல்லார் முன்னாலும்: "உங்க மேஜைல ஓடுறது எனக்கெதுக்குங்க? கஸ்டமர் உங்க மேஜைலயா லிஃப்ட் ஏறப்போறாங்க?"

சிரித்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன்: "என் கோட் சரி சார். வேற எங்கேயோ தப்பு."

"எங்கே?"

தெரியவில்லை. அதைச் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். மெஸ்ஸில் குஸ்கா, மோசம். நான் எழுதியது சரி.

ஜூலை 14, திங்கள்

டவருக்கு நானே போனேன். "நீயே கட்டிக்க" என்று சேலையைக் கையில் கொடுத்தார் கோகிலவாணி மேடம். ஊதா நிறம், ஓரத்தில் மஞ்சள் பட்டை. ஒரு முனையை லிஃப்டுக்குள் கைப்பிடியில் கட்டினேன். மறு முனையை வெளியே நான் பிடித்துக்கொண்டேன். விறைப்பாக. கதவு வந்தது, துணியைக் கவ்வியது, மூடியது. லிஃப்ட் கிளம்பியது. சேலை என் உள்ளங்கையில் சூடாக உருவிக்கொண்டு ஓடியது. விட்டுவிட்டேன்.

மேடம் ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கேன்டீனில் முட்டை பஃப்ஸ் இரண்டுதான் மீதி இருந்தது. ஒன்று வாங்கினால் இன்னொன்று வீணாகும் என்பதால் இரண்டையும் வாங்கி ஒன்றை டவரில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

கோபத்தில் செய்ததுதான். கதவின் கோடுக்கு நடுவில், ஆறாவது வரியில், தமிழில் ஒரு கெட்ட வார்த்தையை எழுதி அனுப்பினேன். கோடை மெஷின் மொழியாக்கும் எந்தக் கம்பைலரும் அதை விழுங்காது. எல்லார் கோடையும் சேர்த்து லிஃப்டில் ஏற்றும் வெர்ஷனாக ஆக்கும் பில்ட் சர்வர் அந்த இடத்திலேயே நின்று சிவப்பு காட்ட வேண்டும்.

பச்சை காட்டியது. வெற்றி என்றது. புது வெர்ஷன் நம்பர் வேறு போட்டுக் கொடுத்தது.

வாழ்க்கையில் இதுவரை ஒரு கெட்ட வார்த்தையால் எனக்கு நன்மை நடந்ததில்லை.

விஷயம் இதுதான். கதவின் கோட் தனி இடத்தில் இருக்கிறது. லிஃப்டின் முக்கிய புரோகிராம் அதை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளும். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து உருவாக்குவார்கள். ஒரு மணி நேரம் ஆகும். பில்டைத் தட்டிவிட்டு மொத்த டீமும் டீ குடிக்கப் போகும், அதற்குப் பில்ட் டீ என்றே பெயர். மார்ச்சில் அதை வேகமாக்கினார்கள். இப்போது சர்வர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: கதவுக்கான பகுதி ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் மறுபடி செய்ய வேண்டாம். கோட் மாறியிருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. ஃப்ரிட்ஜில் மாவு டப்பா இருக்கிறது, எனவே அரைக்க வேண்டாம் என்பதுபோல. எந்த மாதம் அரைத்த மாவு என்று மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லை.

டப்பாவில் இருப்பது மார்ச் மாவு. என் மேஜையில் நான் கதவுப் பகுதியை மட்டும் தனியாக, நேரடியாகச் செய்துகொள்வதால் அங்கே சரியாக ஓடியது. டவருக்குப் போனது சர்வர் கொடுத்தது. ஏப்ரலில் நான் மாற்றியது, ஜூனில் மாற்றியது, எதுவும் போகவில்லை. சின்ன மாற்றங்கள், அதனால் யாரும் கவனிக்கவில்லை. மேலே நம்பர் மட்டும் புதிது புதிதாக ஏறியிருக்கிறது.

ஆக, என் கோட் சரி. கோகிலவாணி மேடத்தின் டெஸ்டும் சரி. இரண்டாவதை அவரிடம் சொன்னேன்.

"தெரியுமே" என்றார். "ஆமா, அந்த ஆறாவது வரில என்ன எழுதியிருந்தே?"

சொல்லவில்லை.

"நான் பாத்துட்டேன்" என்றார்.

ஜூலை 16, புதன்

தாமோதரன் சார் கதவைச் சாத்தச் சொன்னார்.

மார்ச்சில் பில்டை வேகமாக்கியது அவர்தான். ஆண்டு விழாவில் அதற்காகக் கொடுத்த கேடயம் அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் விளக்கி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். ஆள் புத்திசாலி, பாதியிலேயே புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"சரிங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஒருக்கா பில்ட் போடுங்க. டவர்ல பாஸ் ஆச்சுன்னா திருப்பூருக்கு அனுப்பிரலாம்."

"மத்த லிஃப்ட் சார்?"

"எந்த மத்த லிஃப்ட்?"

"மார்ச்சுல இருந்து நம்ம அனுப்பின அத்தனையும். எல்லாத்துலயும் இதே கதவுதான் ஓடுது. பாதி ஜவுளிக்கடை."

"ரெகுலர் சர்வீஸுக்குப் போவாங்கல்ல, அப்ப மாத்திக்குவாங்க. தீபாவளிக்குள்ள முடிஞ்சிரும்."

"தீபாவளியா? நாளைக்கு ஆடி ஒண்ணு சார். அத்தனை கடையிலயும் பொம்பளைங்க கூட்டம் நெரியும்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? ஒவ்வொரு கடைக்கும் ஃபோன் போட்டு, எங்க லிஃப்ட்ல ஏறாதீங்கன்னு சொல்லவா? அடுத்த ஆர்டர் எவன் குடுப்பான்? ரிஸ்க் கம்மிதாங்க. ஒரே ஒரு கேஸ்தான வந்திருக்குது."

"அதுவும் ஊக்கு பிஞ்சதால தப்பிச்ச கேஸ் சார்."

"சேந்தன். போய் பில்டைப் போடுங்க."

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மெஸ்ஸில் பாயசம். குடிக்கவில்லை.

பில்டைப் போட்டேன். முதலிலிருந்து, சுத்தமாக. டவரில் சேலை மாட்டியதும் கதவு பதறிக்கொண்டு திறந்தது. கோகிலவாணி மேடம் கதவைத் திட்டிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தார், பாஸ் போட்டார்.

அதைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டுச் சர்வரைப் பூட்டினேன். அதன் சாவி, அதாவது பாஸ்வேர்டு, போன வருடத்திலிருந்து என்னிடம்தான். யார் பில்ட் போட்டாலும் இனிமேல் சிவப்புத்தான் வரும். கீழே ஒரு வரி: "கடைகளில் ஓடும் கதவு மார்ச் மாதத்தது. அவை எல்லாம் மாறும்வரை இங்கிருந்து புதிதாக எதுவும் போகாது."

மத்தியானத்துக்குள் எல்லார் திரையிலும் அந்த வரி. சேலத்துக்குப் போக வேண்டிய இரண்டு லிஃப்ட் லாரியில் ஏறாமல் நிற்கிறது. தாமோதரன் சார் என் மேஜைக்கே வந்தார்.

"பாஸ்வேர்டு."

"தர மாட்டேன் சார்."

"இது பிளாக்மெயிலுங்க."

"இருக்கட்டும்."

"நீங்க யாருங்க முடிவு பண்றதுக்கு?"

"கதவு எழுதினவன்."

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் வந்தது.

ஜூலை 18, வெள்ளி

சஸ்பெண்ட். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பாஸ்வேர்டு கேட்டார்கள், தரவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள்.

ஜூலை 19, சனி

அறையைப் பெருக்கினேன். பக்கெட்டைத் தேய்த்தேன். ஃபேனைத் துடைத்தேன். அறைத் தோழன் ஊருக்குப் போயிருக்கிறான், அவன் பக்கெட்டையும் தேய்த்தேன்.

கோகிலவாணி மேடம் ஃபோன்.

"சாப்பிட்டியாப்பா?"

"ம்."

"பூட்டறதுக்கு முன்னால என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பீங்க."

"ஆமா. வேண்டாம்னுட்டு, எம்.டி.கிட்ட நேரா போயிருப்பேன். உனக்கு எடுத்த எடுப்புல கதவைச் சாத்தத்தான் தெரியும்."

"எம்.டி. நம்ம பேச்சைக் கேப்பாரா? தாமோதரன் சார் பேச்சைத்தான் கேப்பார்."

"அப்படியா" என்றார். "சரி, வெச்சர்றேன். வேலை கெடக்குது."

சனிக்கிழமை டவருக்கு லீவு. என்ன வேலையோ.

ஜூலை 21, திங்கள்

எம்.டி. திருவேங்கடம் சார் ஆபீசிலிருந்து காலையில் ஃபோன். டவருக்கு வரச் சொன்னார்கள். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை.

போனபோது எம்.டி., தாமோதரன் சார், கோகிலவாணி மேடம் மூன்று பேரும் தரைத்தளக் கதவின் முன்னால் நின்றிருந்தார்கள். மேடம் என்னைத் தெரியாதவர்போலப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஃபிக்ஸ் ரெடி" என்று தாமோதரன் சார் சொல்லிக்கொண்டிருந்தார். "டவர்ல பாஸும் ஆயிருச்சு. இந்தப் பையன் ஈகோவுல பூட்டி வெச்சிருக்கான். புரொடக்‌ஷன் நாலு நாளா நிக்குது."

எம்.டி. என்னைப் பார்த்தார். "பூட்டுனது தப்பா இல்லையா?"

"தப்புதான் சார். திறக்க மாட்டேன்."

"ஏனுங்க வாணி, இப்ப இந்த டவர்ல எது ஓடுது? புதுசா, கடைல இருக்கறதா?"

"கடைல இருக்கறதுங்க சார். காலைல மாத்தி வெச்சேன்."

நான் சேலையை எடுத்தேன். ஒரு முனையை உள்ளே கைப்பிடியில் கட்டினேன். இன்னொரு முனையைத் தாமோதரன் சாரிடம் நீட்டினேன்.

"ரிஸ்க் கம்மின்னீங்கல்ல சார். மணிக்கட்டுல கட்டிக்கிட்டு வெளியே நில்லுங்க. கையில பிடிச்சா விட்டுருவீங்க. திருப்பூர்ல அந்தம்மாவால முந்தானையை விட முடியாது, குத்தியிருந்தாங்க."

அவர் வாங்கினார். எனக்கு இது எதிர்பாராதது, தூக்கி எறிவார் என்று நினைத்திருந்தேன். வாங்கி மணிக்கட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைப் பார்த்தார். மேலே, லிஃப்ட் ஏறும் உயரத்தைப் பார்த்தார். முடிச்சுப் போடவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் ஷெட்டிலிருந்து ரேடியோ கேட்டது.

"கட்டுங்க தாமு" என்றார் எம்.டி. மெதுவாக.

அவர் சுற்றைப் பிரித்தார். சேலையை மடித்தார், ஒழுங்காக, நாலாக. தடுப்புக் கம்பியின் மேல் வைத்தார். "வேண்டாங்க சார்" என்றார்.

மேடம் அதை எடுத்து செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டினார். பட்டனை அழுத்தினார். கதவு மூடியது. நாற்காலி தரையில் இழுபட்டு வந்து கதவில் மோதியது, அப்படியே கதவோடு ஒட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே ஏறியது. மேல் சட்டத்தில் சிக்கி ஒரு கால் முறிந்து விழுந்தது. சேலை கிழியும் சத்தம் பிறகுதான் வந்தது.

எம்.டி. அந்த ஒற்றைக் காலை எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை கடை?" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. மார்ச்சுக்குப் பிறகு போன எல்லா லிஃப்டும் ஆடிப் பதினெட்டுக்குள் மாற்றப்பட வேண்டும். ஆள் வரும்வரை அந்த லிஃப்டுகள் ஓடக்கூடாது என்று கடைகளுக்குச் சொல்வார்கள். ஆனால் காரணம் சொல்லக்கூடாது. 'ரெகுலர் சர்வீஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். அதில் எம்.டி. உட்பட மேலிடம் முழுக்க ஒரே பேச்சு.

சர்வரைத் திறந்தேன். சஸ்பெண்ட் ரத்து. கூடவே ஒரு மெமோ: கம்பெனிச் சொத்தைப் பூட்டியதற்கு எழுத்தில் மன்னிப்பு. எழுதவில்லை.

"எம்.டி.கிட்ட யாரு சொன்னதுன்னு தெரியலை" என்றேன் வாணி மேடத்திடம்.

"எனக்கும் தெரியலப்பா" என்றார். சனிக்கிழமை எம்.டி. வீட்டு நாய் துரத்தி செருப்பு அறுந்துபோனது என்று பிறகு வேறு ஏதோ பேச்சில் சொன்னார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஈரோடு. இரண்டு கடையில் புது வெர்ஷனை ஏற்றினேன். பஸ்ஸில் லேப்டாப்பை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 26, சனி

சேலம். கடைக்காரர் மோர் கொடுத்தார். பக்கத்தில் நாமக்கல்லுக்குத் தாமோதரன் சாரே போயிருக்கிறாராம். யாரும் போகச் சொல்லவில்லையாம். கேடயத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார் என்று வாணியக்கா சொன்னார். "பாவம்ப்பா அவரு." இருக்கலாம். நான் அந்த வார்த்தையைச் சொல்லத் தயாராக இல்லை. நாமக்கல்லில் இருக்கிற நாலு லிஃப்டையும் அவர் ஒரே நாளில் முடித்துவிட்டார் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 30, புதன்

கரூர். சளி.

ஆகஸ்ட் 2, சனி

திண்டுக்கல். கடைசிக் கடை. நாளை ஆடிப் பதினெட்டு.

மூன்று மாடி ஜவுளிக்கடை, உள்ளே நுழையவே தோளை நுழைத்துத் தள்ள வேண்டியிருந்தது. லிஃப்டை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்க, பெண்கள் பைகளோடும் பிள்ளைகளோடும் பிதுங்கி வெளியே வர, முந்தானைகள் பின்னால் வர, கதவு மூட.

நேராக லிஃப்ட் மோட்டார் இருக்கும் மேல்தளத்துக்கு ஓடி, லிஃப்ட் தரைத்தளத்தில் நின்று காலியாகும் வரை கண்ட்ரோல் பேனலில் பார்த்து, மெயின் சுவிட்சை இறக்கினேன்.

கீழே வருவதற்குள் கடை மேனேஜர் பிடித்துக்கொண்டார். "யாருய்யா நீ? யாரைக் கேட்டு ஆஃப் பண்ணே?"

"லிஃப்ட் கம்பெனி. இருபது நிமிஷம்."

"வருஷத்துக்கு இந்த ரெண்டு நாள்தான்யா யாவாரம். கடையை அடைச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல வா."

"மாட்டேன்."

அவர் கோயம்புத்தூரில் எங்கள் ஆபீசுக்கு ஃபோன் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது. தாமோதரன் சார்.

"சேந்தன், என்ன சண்டை அங்க?"

"சண்டை இல்ல சார். வேலை."

"சரி, நிறுத்துனது நிறுத்துனதா இருக்கட்டும். முடிச்சுட்டே வாங்க. நான் அவர்கிட்டப் பேசிக்கறேன். ரெகுலர் சர்வீஸ்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். மெமோ வேற பாக்கி இருக்குதுங்க உங்களுக்கு."

"சரி சார்" என்று சொல்லவில்லை. ஃபோனைப் பையில் போட்டேன்.

தரைத்தளக் கதவருகே உட்கார்ந்து வயரை மாட்டினேன். சுற்றிலும் கூட்டம். மாடிப்படியில் ஏற முடியாதவர்கள், பை வைத்திருப்பவர்கள், கர்ப்பிணி ஒருவர்.

"ஏய்யா, இன்னைக்குத்தான் இதைப் பிரிச்சு மேய நேரம் பாத்தியா?"

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. நோண்ட வந்துட்டான்."

"முட்டி வலியோட மூணு மாடி ஏறணுமாடா, படுபாவி."

மேனேஜர் என் தலைக்கு மேலே நின்று கையை விரித்தார். "சும்மா சர்வீஸுதான்மா. வழக்கமா பண்றது. கோவிச்சுக்காதீங்க."

நான் எழுந்தேன்.

"சர்வீஸ் இல்லைங்க" என்றேன். "இந்தக் கதவு சேலையைக் கவ்வினா விடாது. கவ்விக்கிட்டே மேலே போகும். திருப்பூர்ல ஒரு அம்மாவுக்கு அப்படி ஆயிருச்சு. அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன். பண்ணாம இது ஓடாது."

மேனேஜர் என் சட்டையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார், ஏனென்றால் மொத்தக் கூட்டமும் பேச்சை நிறுத்தியிருந்தது. முன்னால் நின்ற ஒருத்தி தன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பக்கத்தில் இருந்தவள் செருகினாள். அப்புறம் வரிசையாக.

முட்டி வலிக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டு நாளுமாவா இப்படி ஓடுச்சு?"

"ஆமாங்க. மார்ச்சுல இருந்து."

"உங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் பையைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "பண்ணு" என்றார். "அவசரப்படாமப் பண்ணு. யாரு ஏறுறான்னு நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் சட்டையை விட்டார். நான் வேலையைப் பார்த்தேன்.